ரஃபத் ஜஹான் பேரில்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்தவர்களுக்கு ஹயாத் பாஷாவைத் தெரியாது. கட்டின வீட்டையும் பண்ணின கல்யாணத்தையும் ஒன்றாகக் கலைக்கிறவர்களுக்கு நடுவில் நின்று பிழைத்த மனிதர் அவர். ஆம்பூரில் வீட்டு புரோக்கர்களுக்குப் பஞ்சமில்லை. டேனரி மூடினால் நாலு பேர் புரோக்கர், ஷூ கம்பெனியில் ஆள் குறைத்தால் இன்னும் நாலு பேர் புரோக்கர். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் பிரியும்போது விற்கிற வீடு என்றால், வேலூர் வக்கீலானாலும் திருப்பத்தூர் வக்கீலானாலும் பாஷாவுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அப்பேர்ப்பட்டவர், 2006-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு நாள், பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரே இருந்த ராமமூர்த்தியின் கொட்டகையில், பேச்சு மூச்சற்று நின்றார். அடித்துப் போட்டாலும் அப்படி நின்றிருக்க மாட்டார்.

பிரியப் போகிற வீட்டை அவர் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். குளியலறையில் இரண்டு சோப்பு டப்பா, பீரோவில் புதுப் பூட்டு, ஹாலின் மூலையில் சுருட்டி வைத்த பாய். அவருக்கு இது போதும். ஆறு மாதத்தில் நம்மிடம் வரும் என்பார், வரும். பிரிகிறவர்களிடம் வேலை செய்ய அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. பத்திரம் பதிகிற நாள் வரை இரண்டு பேரையும் சந்திக்க விடக் கூடாது. ஒரே அறையில் உட்கார வைத்தால் ஒன்று சண்டை வரும், இல்லாவிட்டால் சமாதானம் வரும். இரண்டும் வியாபாரத்துக்கு ஆகாது என்பது அவர் கட்சி.

இந்தத் தொழிலில் பாதி அவருடைய மனைவி ரஃபத் ஜஹானின் கையில் இருந்தது. அது ஊருக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. வீடு பார்க்க வரும் கோஷாப் பெண்களோடு ஆண் புரோக்கர் உள்ளே போக முடியாது. வாசலோடு சரி. அடுப்படியையும் கிணற்றடியையும் மாடியையும் காட்டுகிறவள் ரஃபத். வாங்க வந்தவர்கள் போன பிறகு, விற்கிற வீட்டுப் பெண் அடுப்படியில் அவளை நிறுத்திவைத்து மனதைக் கொட்டுவாள். ஏன் பிரிகிறாள், எங்கே போகப் போகிறாள், எதற்குப் பயப்படுகிறாள், எல்லாம். ரஃபத் அதை ராத்திரி சாப்பாட்டின்போது மனசு தாங்காமல் புருஷனிடம் சொல்வாள். மனிதர் மறுநாள் காலையில் அதைக் காசாக்கிவிடுவார்.

குடியாத்தம் ரோட்டில் ஒரு வாத்தியார் வீடு விலைக்கு வந்தது. வாத்தியாரின் மனைவி பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைகளோடு தாய் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ரஃபத்திடம் அழுதாள். பாஷா அன்றைக்கே வாங்குகிறவரிடம் போய், பொறுங்க, பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்க நெருங்க விலை இறங்கும் என்றார். இறங்கியது. அதைக் கேள்விப்பட்ட அன்று ரஃபத் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை போலும் என்று பாஷா ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். இத்தனை பெண்டாட்டிகளின் மனசைத் தூரத்திலிருந்தே எடை போடத் தெரிந்தவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு வேண்டியது சோடா இல்லை என்று தெரியவில்லை. விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

அவளுடைய பேரையும் அவர் விட்டுவைக்கவில்லை. குறைந்த விலைக்கு ஒரு வீடு படிந்தால், முதலில் கொஞ்சம் முன்பணம் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுக்கொள்வார். புரோக்கர் பேரில் போட்டால் விற்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் என்பதால், அக்ரிமெண்ட் எப்போதும் ரஃபத் ஜஹான் பேரில்தான். அப்புறம் கூடுதல் விலைக்கு ஆள் பிடித்து, பத்திரத்தை நேராக அந்த ஆள் பேருக்கே பதிந்துவிடுவார்கள். நடுவில் இருக்கிற லாபம் பாஷாவின் சட்டைப்பைக்குப் போகும். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை வீட்டுக்கு அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இத்தனைக்கும் குடியிருந்தது வாடகை வீடு. அதுவும் ஆறாவது வாடகை வீடு.

ஹெப்சியின் வீடு அப்படித்தான் வந்தது. ஹெப்சி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் இருதயராஜ் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தான். அவள் சி.எஸ்.ஐ., அவன் ரோமன் கத்தோலிக்கன். இரண்டு சபையையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டு, பேரணாம்பட்டு ரோட்டில் இருவர் பேரிலும் இடம் வாங்கி, ஆசை ஆசையாகக் கட்டின வீடு. இரண்டு வருஷமாக அவள் வேலூரில் ஹாஸ்டலில், அவன் அந்த வீட்டில் தனியாக. பரஸ்பரச் சம்மதத்தில் விவாகரத்து முடிகிற நேரம், வீட்டை விற்று ஆளுக்குப் பாதி என்று வக்கீல் சொல்லிவிட்டார். பாஷாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வழக்கம் போல ரஃபத் பேரில் அக்ரிமெண்ட் போட்டார். வாணியம்பாடியில் தோலுக்கு வேண்டிய கெமிக்கல் வியாபாரம் செய்த நயீம் அகமது மேல் விலைக்கு வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். அந்த லாபத்தில் வேலூரில் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு ஆபீஸ், வாசலில் பெரிய போர்டு. பாஷா போர்டுக்கு என்ன கலர் அடிப்பது என்பது வரைக்கும் முடிவு செய்திருந்தார்.

அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் ரஃபத் ஜஹான் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனிடம் ஒன்று கேட்டாள். இந்த வீட்டை நாமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது என்றாள். பாஷாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. ஊர் வீட்டையெல்லாம் விற்கிறவன் தனக்கென்று ஒன்று வாங்கினால் காலை நீட்டிப் படுத்துவிடுவான், தொழில் போய்விடும் என்றார். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி கேட்கவில்லை. ஆக, ஒரே வீடு, அதன் மேல் இரண்டு ஆசை. அவருடையது போர்டு, அவளுடையது ஜன்னல். அவளுடைய ஆசை அந்தச் சிரிப்போடு முடிந்தது என்று பாஷா நினைத்தார்.

ஹெப்சி என்ன சொன்னாள் என்று அவர் ரஃபத்தைப் பலமுறை குடைந்து பார்த்தார். அந்தம்மா ஒண்ணும் பேசல என்பதே பதில். நர்ஸம்மா அழுத்தக்காரி போலிருக்கிறது என்று பாஷா விட்டுவிட்டார்.

பதிவு நாளன்று இருதயராஜை முன்னாலும் ஹெப்சியைப் பின்னாலும் வரச் சொல்லியிருந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது இருவரும் ராமமூர்த்தியின் கொட்டகையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாஷாவுக்குத் திக்கென்றது. இவருடைய தொழிலில் இதைவிட அபசகுனம் வேறில்லை. சமாதானமாகிவிட்டார்களோ, வீடு கை நழுவிப் போய்விடுமோ என்று பதறிக்கொண்டு போய் விசாரித்தார். இல்லை, கையெழுத்துப் போடத்தான் வந்தோம் என்றார்கள். போன உயிர் திரும்பி வந்தது.

பத்திர எழுத்தர் ராமமூர்த்தி பத்திரத்தை முழுக்க அடித்து, வாங்குபவர் பேரை மட்டும் காலியாக விட்டு வைத்திருந்தார். அதுவும் பாஷாவின் ஏற்பாடுதான். வாங்குகிற ஆள் யார் என்று கடைசி நிமிஷம் வரை வெளியே விட மாட்டார். நயீம் அகமதைக் காணோம். போன் போட்டால் எடுக்கவில்லை. பாஷா ரோட்டுக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. புர்காவில் ரஃபத் ஜஹான் இறங்கினாள். நயீம் வந்த பிறகு சம்மதக் கையெழுத்துக்கு வந்தால் போதுமே, இவ்வளவு சீக்கிரம் எதற்கு வந்தாள் என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. நயீம் பாய் இன்னும் வரவில்லை என்று உருதுவில் சொன்னார். அவர்கள் வீட்டில் பேசுவது உருதுதான்.

அவள் தமிழில் பதில் சொன்னாள். பார்ட்டியிடம் பேசுகிற மாதிரி.

"அவரு வரமாட்டாரு. வீடு முடிஞ்சிப் போச்சின்னு அவங்க வீட்டம்மாகிட்ட நானே சொல்லிட்டேன்."

பாஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராமமூர்த்தி கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு, அப்போது யார் பேரில் போடுவது என்று கேட்டார். ரஃபத் ஜஹான் தன் பேரைச் சொன்னாள்.

மனிதருக்கு அந்த நிமிஷத்தில் என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. நயீமைவிடப் பெரிய ஆளாகப் பிடித்துவிட்டாள், அவசரப்பட்டு விற்காமல் முதலில் தன் பேரில் பதிந்து வைக்கிறாள், நம்மோடு இருந்து இருந்து தேறிவிட்டாளே என்று உள்ளுக்குள் குளிர்ந்து போனார். பணத்துக்கு என்ன செய்தாள் என்ற கேள்விகூட இரண்டாவதாகத்தான் வந்தது. ராமமூர்த்தியைப் பார்த்து, போடுங்க போடுங்க என்று தலையாட்டினார். ராமமூர்த்தி, ஹயாத் பாஷா மனைவி என்று சொல்லிக்கொண்டே அடிக்க ஆரம்பித்தார்.

"வேணாம் சார்," என்றாள் ரஃபத். "அப்பா பேரு போடுங்க. காலஞ்சென்ற அப்துல் கஃபூர் மகள்."

ராமமூர்த்தியின் கை அப்படியே நின்றது. ஆயிரம் பத்திரம் அடித்தவர் அவர். புருஷன் உயிரோடு பக்கத்தில் நிற்கும்போது ஒரு பெண் அப்பா பேரைக் கேட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஷாவுக்கும் தெரியும். எத்தனை பெண்கள் இதே கொட்டகையில், இதே ஸ்டூலுக்கு எதிரே நின்று, இதே வார்த்தையைச் சொல்லக் கேட்டிருக்கிறார்! அப்போதெல்லாம் அது ஒரு பத்திரத்து வரி. இப்போது தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ரோட்டில் போன லாரியின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அவளைச் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த மரத்தடிக்குக் கூட்டிப் போனார். கையைப் பிடித்து இழுக்கத்தான் நினைத்தார், கை எழவில்லை. இன்னா இதெல்லாம் என்று கேட்டார். அவள் கோபப்படவில்லை, அழவில்லை. வாங்க வந்தவர்களுக்குக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, மாடியில் வெயில் எவ்வளவு என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். பேரணாம்பட்டில் அப்பாவின் பழைய டேனரி நிலம் விற்றபோது அண்ணன்கள் அவளுடைய பங்கை மறுக்காமல் கொடுத்துவிட்டார்களாம். அது இத்தனை நாள் மகள் ஜஹீதாவிடம் இருந்ததாம்.

"ஒண்ணுமே குடுக்கலன்னு சொன்னியே?"

"சொன்னேன். நீங்களும் நம்பினீங்க."

நம்பாமல் என்ன? அந்த அண்ணன்களின் இடத்தில் பாஷா இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார். அதனால் அவருக்கு அது இயல்பாகப் பட்டது. தன் கையால் உலகத்தை அளக்கிறவன் ஏமாறுவது இப்படித்தான்.

"நான் உள்ள போய்க் கேட்டதையெல்லாம் நீங்க வெளிய வித்தீங்க," என்றாள் ரஃபத். "வாத்தியார் பொஞ்சாதி என்கிட்ட அழுதா. அவ கண்ணீர நான்தான் உங்க கையில குடுத்தேன். அன்னிலருந்து எனக்கு சோறு எறங்கல. ஹெப்சி சிஸ்டர் எல்லாம் சொன்னாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லல. அவங்ககிட்ட நானும் எல்லாம் சொன்னேன்."

பிறகு, ஜமாத்தில் குலா கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பெண்ணே முன்வந்து கேட்கிற மணவிலக்கு அது. வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லி அவரைக் கூப்பிடுவார், சண்டை போடாமல் முடித்துக்கொடுத்தால் நல்லது என்றாள். அவர் ஜஹீதாவின் பேரைச் சொல்லி மிரட்டிப் பார்த்தார். மகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள், மாப்பிள்ளை வீட்டில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள் என்றார். ரஃபத் ஆட்டோவைக் காட்டினாள். பின் சீட்டில் ஜஹீதா கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். இறங்கி வரவில்லை.

எத்தனை நாளாக இது நடக்கிறது? பாஷா தன் வீட்டுக் குளியலறையை நினைத்துப் பார்த்தார். சோப்பு டப்பா ஒன்றா இரண்டா? பீரோவில் என்ன பூட்டு? அவள் எந்தப் பக்கம் படுக்கிறாள்? எதுவும் ஞாபகம் வரவில்லை. ஊரான் வீட்டு மூலை முடுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், தன் வீடு ஒரு இருட்டாகத்தான் நினைவில் இருந்தது. அதை உணர்ந்தபோது அவருக்குப் பயம் வந்தது. வேறு எதற்கும் இவ்வளவு பயந்ததில்லை.

ஆனாலும் புரோக்கர் புத்தி லேசில் விடுமா? நேராக ஹெப்சியிடமும் இருதயராஜிடமும் போனார். கையெழுத்துப் போட வேண்டாம், நயீம் அகமது இதைவிட எவ்வளவோ ஜாஸ்தி கொடுப்பார், நானே வாங்கித் தருகிறேன் என்றார். சொன்ன பிறகுதான், இத்தனை நாள் மறைத்த லாபத்தைத் தன் வாயாலேயே போட்டு உடைத்துவிட்டது உறைத்தது. ஹெப்சிக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ரஃபத்தே அந்த விலையைச் சொல்லி, வேண்டுமானால் நயீமுக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். பேசின விலை போதும் என்று இவர்கள்தான் சொன்னார்களாம்.

"ரெண்டு வருஷம் நாங்க பேசிக்கல பாய்," என்றான் இருதயராஜ். "இந்தம்மாவுக்கே குடுத்துடலாமான்னு கேக்கத்தான் இவ எனக்கு முதல்ல போன் பண்ணா. இந்த ஒரு விஷயத்துலதான் ஒத்துப்போறோம். விட்டுடுங்க."

அக்ரிமெண்ட் ரஃபத் பேரில். போடவைத்தது பாஷா. அது செல்லாது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வெட்டின குழி அவருடையது, ஆழமும் அவரே பார்த்து வெட்டினது.

எல்லோரும் ஆபீசுக்குள் போனார்கள். பாஷா வாசல் கதவோரமாக நின்றார். அவரைத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் சலாம் சொல்லிப் போனார்கள். உள்ளே போட்டோ எடுத்தார்கள், கைரேகை வாங்கினார்கள். ரஃபத் முகத்திரையை விலக்கி கேமராவைப் பார்த்தபோது, அவள் முகத்தை வெகு நாளுக்குப் பிறகு பார்க்கிற மாதிரி அவருக்கு இருந்தது. இளைத்திருந்தாள். எப்போது இளைத்தாள்?

கிளார்க் சாட்சிகளைக் கூப்பிட்டான். ராமமூர்த்தி ஒரு சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு ஆள் வேண்டும். வெளியே ஒரு டீக்குச் சாட்சி போடுகிறவர்கள் மரத்தடியில் இருந்தார்கள், அவர்களில் ஒருவனைக் கூப்பிட ராமமூர்த்தி வெளியே தலையை நீட்டினார். பாஷாவை யாரும் கூப்பிடவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவர் அப்போதே நடையைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் அவரால் போக முடியவில்லை. அவள் வாழ்க்கையில் நடக்கிற பெரிய காரியம் இது, இதிலும் நாம் இல்லாமல் போய்விட்டால் அப்புறம் எதில்தான் இருக்கப் போகிறோம் என்று தோன்றியது. உள்ளே போய், நான் போடுகிறேன் என்றார். ரஃபத் வேண்டாம் என்று சொல்லவில்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

கையெழுத்துப் போட்டார். பேருக்குக் கீழே விலாசம் எழுதச் சொன்னார்கள். எழுதினார். கிளார்க் சின்னப் பையன், வேலைக்குப் புதிது. பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தவன், வாங்குகிறவர் விலாசத்தையும் சாட்சியின் விலாசத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே கதவு நம்பரா இருக்குதேம்மா," என்றான். "இவரு உங்களுக்கு யாரு?"

பாஷா பேனாவை மூடாமல் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார். பதில் அவளிடமிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தார். எந்த விலைக்காகவும் அவர் அப்படிக் காத்திருந்ததில்லை.

"புரோக்கர்," என்றாள் ரஃபத் ஜஹான். "இந்த வீட்ட முடிச்சிக் குடுத்தவரு."

கிளார்க் சரி என்று தலையாட்டி முத்திரையைக் குத்தினான்.